ஊராட்சியில் தவறு நடந்தால் யாரிடம், எப்படிச் சொல்வது?

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பயிற்சிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடித்துக் கிளம்புகிற நேரத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டாங்க: "எங்க ஊர்ல மேல்நிலைத் தொட்டியைக் கழுவினதா மாசாமாசம் கணக்கு எழுதுறாங்க. ஆனா குழாயைத் திறந்தா தண்ணியில புழு வருது. யாருகிட்டப் போய்ச் சொல்றது?" உடனே மூன்று பதில்கள் வந்தன. பேப்பர்காரங்ககிட்டச் சொல்லு என்றார் ஒருவர். எதிர்க்கட்சிக்காரர் காதில் போட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்றார் இன்னொருவர். "நமக்கு எதுக்கு வம்பு, பேசாம இரு" என்பது மூன்றாவது. அதற்குத்தான் அதிகம் பேர் தலையாட்டினீர்கள். இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று கூட்டமைப்பு கேட்டுக்கொண்டதால் நாங்கள் வந்திருக்கிறோம்.

தலைவர் எல்லாம் திருடர், செயலர் எல்லாம் கள்ளர் என்று பேச நாங்கள் வரவில்லை. இந்தக் கூட்டத்திலேயே தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் இருந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். 2016-ல் நம் மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் நடந்த ஊரகத் தேர்தல்களில், குழுவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்கள் பலர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆகவே புகார் நாம் கொடுப்பதாகவும் இருக்கலாம், நம் மேல் வருவதாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

காலி நோட்டும் நம் கையெழுத்தும்

நம் குழுவில் பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்கிறோம். தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து. ஊக்குநர் மேல் சந்தேகம் வந்தால் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் தொடங்கின காலத்திலிருந்து இந்தப் பழக்கம் வளர்ந்து வந்திருக்கிறது. அதே பெண்கள் கிராம சபைக்குப் போனால் என்ன ஆகிறது?

கிராம சபைக்குக் கோரம் உண்டு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் சேராதபோது யாரைக் கூப்பிடுகிறார்கள்? குழுப் பெண்களைத்தான். "சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா, வேலை கிடக்குல்ல" என்கிறார்கள். நாமும் போட்டுவிட்டு வருகிறோம். சில ஊர்களில் நோட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறது. மேலே தீர்மானம் எழுதுகிற இடம் காலி, கீழே நம் பெயர். நாளைக்கு அந்தக் காலி இடத்தில் "வரவு செலவு படித்துக் காட்டப்பட்டது, ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்குக்குச் சாட்சி யார்? நாம்தான். பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், "நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்று அதே நோட்டை எடுத்துக் காட்டுவார்கள்.

எங்களைக் கேட்டால் மற்ற எதையும்விட இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். வரவு செலவுப் பட்டியலைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. படிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கு ஒப்புதல் இல்லாத செலவு இருந்தால் "இதற்கு ஆட்சேபம்" என்று அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்து.

கணக்குக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று படிக்கிறார்களே, அதுதான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பிராமணர்களின் ஊர்ச்சபை. அந்தக் குடத்தில் நம்மைப் போன்ற பெண்களின் ஓலைக்கு இடம் இருந்திருக்காது. அதையும் சேர்த்தே சொல்லணும்.

படித்துக் காட்டியதால் வந்த சட்டம்

நமக்கு அதிகம் நெருக்கமான கதை ராஜஸ்தானில் நடந்தது. அங்கே 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற கூலிக்காரர், விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த அருணா ராய் அதில் ஒருவர். வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அளந்து பார்த்தோம், நீங்க செஞ்ச வேலை குறைவு" என்றார்கள். அளந்த காகிதத்தைக் காட்டு என்றால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட்கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, கையில் கிடைத்த காகிதங்களைச் சத்தமாகப் படித்தார்கள். இதற்கு ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை என்று பெயர். அதன் பிறகு பல ஊர்களில் இப்படி நடந்தது. வருகைப் பட்டியலில் பெயர் படிக்கப் படிக்க, "அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே" என்று ஒருவர் எழுந்திருப்பார். "அவரு செத்துப் போயிட்டாரே" என்று இன்னொருவர் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சாட்சி சொன்னார்கள். ஏனென்றால் யார் வேலைக்கு வந்தார்கள், எந்தச் சுவர் கட்டினார்கள், எது கட்டவில்லை என்பதைச் சொல்லப் படிப்பு தேவையில்லை. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்து, காகிதம் பார்க்கும் உரிமை கேட்டுப் போராடினார்கள். அந்த வழியில் வந்ததுதான் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். 100 நாள் வேலைத் திட்டத்துக்கு 2011-ல் வந்த சமூகத் தணிக்கை விதிகளும் இதே பழக்கத்திலிருந்து வந்தவைதான். அந்த வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பட்டியலைச் சத்தமாகப் படிக்கச் சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டியதில்லை.

முதலில் காகிதம், பிறகு புகார்

பக்கத்து வட்டாரத்தில் ஒரு ஊராட்சி. தெருவிளக்கு எரியவில்லை, ஆனால் விளக்கு மாற்றியதாகக் கணக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் ஊரே தலைவரம்மாவைத் திட்டியது. "புருசனுக்கு பைக் வாங்கினதே அந்தக் காசுலதான்" என்றுகூடப் பேச்சு. அங்கிருந்த நம் குழுப் பெண்கள் சிலர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். விளக்கு வாங்கியது உண்மை. இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. மாட்டவே இல்லை. ஆனால் பணி முடிந்தது என்று ஒரு அலுவலர் சான்று எழுதியிருந்தார், அதை நம்பித் தலைவரம்மா பணம் கொடுக்க ஒப்புதல் கொடுத்திருந்தார். நேரில் போய்ப் பார்க்காதது அவர் தவறுதான். ஆனால் ஊர் பேசிய தவறு அது இல்லை. காகிதம் பார்க்காமல் மனுக் கொடுத்திருந்தால் சான்று எழுதியவர் தப்பியிருப்பார்.

தகவல் கேட்க ஒரு வெள்ளைத் தாள் போதும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பயன்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் ஊழல் செய்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. இன்ன வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் நகல், செலவுச் சீட்டின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அலுவலகத்துக்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பு எடுக்கவும் சட்டத்தில் உரிமை இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் 2020-ல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் நம் ஊராட்சியின் செலவுகளைப் போனிலேயே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மனு எழுதும்போது "எல்லோரும் சொல்கிறார்கள்" என்ற வார்த்தையே வரக் கூடாது. எந்தத் தெரு, எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய், எந்தக் காகிதம், நேரில் பார்த்தது யார். அந்தத் தண்ணீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைப்பது வழக்கம். அதைப் போனில் படம் எடுங்கள். குளோரின் பவுடர் வாங்கிய சீட்டு, தொட்டி இயக்குபவரின் சம்பளப் பதிவு இரண்டையும் கேளுங்கள். ஒருவேளை அவருக்கே பல மாதமாகச் சம்பளம் வராமல் இருக்கலாம். அப்படியானால் மனுவே வேறு மனு.

மொட்டைக் கடிதாசி போடாதீர்கள். பெயர் இல்லாத மனுவை மதித்து விசாரிப்பது அபூர்வம். அதே நேரம் யார் எழுதியது என்று ஊருக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சண்டை மட்டும் வரும். குழுவின் பெயரிலும் எழுத வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நம் குழுவில் தலைவரின் சொந்தக்காரரும் இருப்பார், அவரோடு தோற்றவரின் சொந்தக்காரரும் இருப்பார். குழுவை இழுத்தால் குழு உடையும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். அந்த முறையில் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கொடுக்க வேண்டிய இடங்கள்: முதலில் கிராம சபை. அடுத்து வட்டார வளர்ச்சி அலுவலர். அதற்கு மேல் மாவட்ட ஆட்சியர். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். பெற்றுக்கொண்ட முத்திரை போட்ட நகல் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி சம்பந்தப்பட்டவை என்றால் 2014-ல் வந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் சட்டத்தின் கீழ் நடுவரிடமும் முறையிடலாம். கேரளத்தில் இப்படி ஒரு நடுவர் 2000-லிருந்தே இருக்கிறார். 2019-ல் நாம் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, "தலைவரே இல்லை, யாரைக் கேட்பது" என்று பல ஊர்களில் சும்மா இருந்துவிட்டார்கள். தனி அலுவலர் இருந்தாலும் அதே கணக்குத்தான், அதே கிராம சபைதான்.

லஞ்சம் என்றால் வேறு வழி. வீட்டு வரி ரசீதுக்கோ குடிநீர் இணைப்புக்கோ பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்றால், கொடுத்த 7 நாளுக்குள் காவல் துறையிடமோ அந்தத் துறையிடமோ தெரிவித்திருக்க வேண்டும். இது நம் பெண்கள் பலருக்குத் தெரியாது. தயவுசெய்து ஊரில் போய்ச் சொல்லுங்கள்.

புகார் நம் மேல் வந்தால்

தலைவரை நீக்குவது பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. ஊரில் 500 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டால் தலைவர் போய்விடுவார் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவுப்படி, ஆட்சியர் தாமாகவோ, ஊராட்சி மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுதிக் கொடுத்தாலோதான் அது தொடங்கும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால், வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். அதையும் பார்த்துவிட்டு ஆட்சியர் நீக்கலாம், விட்டும் விடலாம். நம் மனு ஆட்சியருக்குப் போகும் தகவல்; அதைப் பார்த்து அவர் தாமாக நடவடிக்கை எடுக்க முடியும். விளக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் போட்ட நீக்க உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் உண்டு.

இத்தனை படி எதற்கு என்று சலிப்பாக இருக்கும். எங்களுக்கும் இருந்திருக்கிறது. ஆனால் தனித் தொகுதியில் ஜெயித்த ஒரு பெண் தலைவரை நினைத்துப் பாருங்கள். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் எடுக்க முடியும். துணைத் தலைவர் மாதக்கணக்கில் கையெழுத்துப் போடாமல் இழுப்பார். வேலை நிற்கும். வேலை நடக்கவில்லை என்று அவருடைய ஆட்களே மனுக் கொடுப்பார்கள். உறுப்பினர்கள் எல்லாம் ஒரே சாதிக்கட்டு. அந்த அம்மாவுக்கு இருப்பது இந்தப் படிகள்தான். பட்டியல் சாதி, பழங்குடித் தலைவரை அவர் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அவர் மேல் கெட்ட எண்ணத்தோடு பொய் வழக்குப் போடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஆகவே யாராவது மனுவோடு வந்து கையெழுத்துக் கேட்டால், யார் எழுதியது, தலைவரம்மா என்ன பதில் சொல்கிறார் என்று இரண்டையும் கேட்காமல் போட வேண்டாம்.

பதவியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணவர் சொன்னார், அண்ணன் சொன்னார் என்று கையெழுத்துப் போட்டால் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் கணவர் பெயருக்கு வராது. பெண் தலைவர்களின் கணவன்மார் அதிகாரம் செய்வது 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்திய ஊராட்சி அமைச்சகம் அமைத்த குழு 2025-ல் கொடுத்த அறிக்கையில் இதற்குக் கடும் தண்டனை வேண்டும் என்றது. தண்டனை வருகிறதோ இல்லையோ, அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேலை நடந்த இடத்துக்கு நீங்களே போங்கள். உங்கள் வீட்டு ஆளுக்கே ஊராட்சி ஒப்பந்தம் போகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஊராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு இருப்பது பதவியையே பறிக்கும்.

பயத்தைப் பற்றி

பயப்படாதீங்க என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனசில்லை. மதுரை வில்லாபுரத்தில் மாநகராட்சி உறுப்பினராக இருந்த லீலாவதி, மக்களுக்குக் குடிநீர் கொண்டுவரப் பாடுபட்டவர். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். நம் ஊர்களில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் விடுபடும், குழாய் இணைப்பு தாமதமாகும், புருசனைக் கூப்பிட்டு "உன் பொண்டாட்டியை அடக்கி வை" என்பார்கள். இதெல்லாம் நடக்கும். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறோம். மனுக் கொடுக்க ஐந்து பேராகப் போங்கள். விதவைத் தாயார், ஒண்டியாக இருக்கிறவர்கள் பெயரை முதல் கையெழுத்தாகப் போட வைக்காதீர்கள். மிரட்டல் வந்தால் அன்றைக்கே தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வைத்து, கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள்.

அதே அளவுகோல் கூட்டமைப்புக்கும் உண்டு. எங்கள் பயணப்படி, பயிற்சிச் செலவு நோட்டு மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

2022-லிருந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் அடுத்து வரும் சபைக்கு முன்னால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பீட்டையும் செலவுச் சீட்டையும் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தகவல் விண்ணப்பம், மனு இரண்டுக்கும் மாதிரிப் படிவம் எழுதி வைத்திருக்கிறோம். ஊருக்கு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் மதியம் எங்களோடு உட்காருங்கள், சேர்ந்து எழுதலாம். இப்போது கேள்விகளைக் கேளுங்கள், பின்வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.